பதினொரு நாளும்

துறைமுகச் சுவரில் ஒட்ட வேண்டிய அறிவிப்பில் ‘காற்றின் தூய்மை பற்றிய சோதனை’ என்று எழுதச் சொன்னார் ஆய்வு நிலைய இயக்குநர். அவள் எழுத மாட்டேன் என்றாள்.

“பொய் ஒண்ணும் இல்லையே. காத்துல என்ன இருக்குன்னு அளக்கத்தானே போறோம்” என்றார் அவர்.

“அளக்கறதுக்கு முன்னாடி அதுல ஒண்ணைக் கலக்கப் போறோம் சார். அதை எந்த வரியில எழுதறது?”

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கெட்டவர் இல்லை. ஓய்வுபெற மூன்று வருடம் இருக்கிற மனிதர் எதற்கெல்லாம் பயப்படுவாரோ அதற்கெல்லாம் பயந்தார். “மேகம், வெயில்னு எழுதினா நாளைக்கே வாசல்ல கூட்டம் நிக்கும். வேலில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்கணுமா?”

“ஓணான் ஏற்கெனவே நம்ம மடியிலதான் சார் இருக்கு. அவங்ககிட்ட சொல்லலை, அவ்வளவுதான்.”

அவள் இயந்திரப் பொறியாளர். ஆறு வருடமாக ஒரே ஒரு தெளிப்புக் குழாயைச் செய்து, உடைத்து, மறுபடி செய்துகொண்டிருந்தாள். உள்ளங்கை அகலமுள்ள ஒரு தகடு, அதில் கண்ணுக்குத் தெரியாத முந்நூறு துளைகள். கடல்நீரை அதன் வழியாக அழுத்தி விட்டால் மூடுபனி போல வெளியே வரும். நீர் காய்ந்ததும் மிஞ்சுவது உப்புத்தூள். எழுநூறு தூளை வரிசையாக அடுக்கினால்தான் ஒரு தலைமுடியின் தடிமன் வரும், அத்தனை சின்னது. அது காற்றோடு ஏறி, காலையில் கடல்மேல் தாழ்ந்து நிற்கும் மேகத்துக்குள் போனால், மேகத்தில் துளிகளின் எண்ணிக்கை கூடும், ஒவ்வொன்றும் சிறுக்கும், மேகம் வெளுக்கும். வெளுத்த மேகம் வெயிலைத் திருப்பி அனுப்பும். ஆயிரம் கப்பல் இப்படித் தெளித்தால் சுட்டுக்கிடக்கும் கடலைக் கொஞ்சம் ஆற்றலாம் என்று சொல்கிறவர்கள் இருந்தார்கள். அதை நினைப்பதே பாவம் என்கிறவர்களும் இருந்தார்கள். அவளுக்குத் தெரியவேண்டியிருந்தது இரண்டு விஷயம்தான். இது நடக்குமா? நடந்தால் என்ன கெடும்?

ஆய்வுக்கூடத்தில் பார்த்தது போதும், இனி கடலில் பார்க்க வேண்டும் என்று ஆனபோது, செலவில் பாதியை ஒரு கப்பல் நிறுவனம் ஏற்றுக்கொண்டது. பழைய மிதவைப்படகு ஒன்றும் கிடைத்தது. அந்த மேகம் வருடத்தில் ஆறு வாரம்தான் வரும். அது வருவதற்கு இரண்டு வாரம் இருந்தது.

அறிவிப்பை எழுதுவதற்குப் பதில் அவள் நேராகத் துறைமுகத்துக்குப் போய், படகுச் சங்கத்தின் தலைவரைப் பார்த்தாள். தலையில் ஒரு முடி இல்லாத அவருக்கு எல்லோரும் வைத்திருந்த பெயர் சுருட்டை. செய்யப்போவதை எல்லாம் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “இதை என்கிட்ட சொல்லிப் பிரயோசனம் இல்ல. எல்லார்கிட்டயும் சொல்லணும். உங்க அண்ணியும் இருப்பாங்க, பாத்துக்குங்க” என்றார்.

அந்தக் கடைசி வரியை அவர் சும்மா சொல்லவில்லை.

இரண்டு கோடைக்கு முன்பு, கப்பல் பழுதுபார்க்கும் தளத்தில் வெல்டராக இருந்த அவளுடைய அண்ணன், ஒரு கப்பலின் அடித்தட்டில் வேலை செய்துகொண்டிருந்தபோதே சுருண்டு விழுந்து இறந்துபோனார். அனல்காற்றின் மூன்றாம் நாள் அது. துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாம் போன பிறகு, என்ன பேசுவதென்று தெரியாமல் அவள், அன்றைக்கு நகரத்தில் வெப்பம் எவ்வளவு, ஈரப்பதம் எவ்வளவு, மொத்தம் ஒன்பது பேர் போய்விட்டார்கள் என்று அண்ணியிடம் சொல்லிக்கொண்டே போனாள். அண்ணி கடைசிவரை கேட்டுவிட்டு, “எனக்கு ஒருத்தர்தான் போனார்” என்றாள். அதற்குப் பிறகு இருவருக்கும் இடையில் நல்லது கெட்டதுக்கு மட்டும்தான் பேச்சு.

அண்ணிக்குத் துறைமுக வயர்லெஸ் அறையில் வேலை. காலையிலும் மாலையிலும் கடலில் இருக்கிற படகுகளுக்கு வானிலையை வாசிப்பாள். பதினான்கு வருடமாக அந்தக் குரலைக் கேட்டுத்தான் படகுகள் கரை திரும்பின.

கூட்டம் ஏலக்கூடத்தில் நடந்தது. தரையைக் கழுவிவிட்டிருந்தார்கள், ஈரம் காயவில்லை. நூற்றைம்பது பேர் இருப்பார்கள்.

“வானத்துக்கு வெள்ளையடிக்கப் போறீங்கன்னு பேசிக்கறாங்க. உண்மையா?” என்று தொடங்கினார் சுருட்டை.

“ஒரு மேகத்துல ஒரு ஓரத்துக்கு. ஒரு நாளைக்கு இருபது நிமிஷம். அப்புறம் காத்தடிச்சா அடையாளம்கூட இருக்காது.”

“அப்ப வெயில் குறையுமா?” என்று முன்வரிசையில் ஒரு பெண் கேட்டாள்.

“ஒரு பொட்டுகூடக் குறையாது.”

கூட்டம் சிரித்தது. “அப்புறம் எதுக்கும்மா இந்தக் கூத்து?”

“என்னைக்காவது ஒருத்தர் ஆயிரம் கப்பலோட வருவார். உங்க வெயிலை நான் குறைக்கறேன்னு சொல்வார். வெயில் தாங்காம நாமளும் தலையாட்டுவோம். அப்ப அவர்கிட்ட என்ன கேக்கணும்னு நமக்குத் தெரிஞ்சிருக்கணும். அதுக்குத்தான்.”

சிரிப்பு அடங்கியது. பின்வரிசையில் அண்ணி எழுந்தாள்.

“எங்க வீட்டுக்காரரை வெயில் கொண்டுபோனது உங்க எல்லாருக்கும் தெரியும். இவளோட அண்ணன்தான் அவர். அதனால நான் இவ பக்கம் பேசுவேன்னு நினைக்காதீங்க.” பிறகு நேராக அவளைப் பார்த்துக் கேட்டாள். “இங்க மேகத்துல கை வெச்சு வேற எங்கேயோ மழை நின்னா யார் பொறுப்பு? வேணாம்னு தோணினா நிறுத்தறது யார் கையில இருக்கு? அதைவிட, மருந்து கைவசம் இருக்குன்னு தெரிஞ்சா பத்தியம் எவன் இருப்பான்? புகை விடறவன் இன்னும் நாலு புகைபோக்கி கட்டமாட்டானா?”

“முதல் கேள்விக்குப் பதில் தெரியாது. யாருக்கும் தெரியாது. ரெண்டாவது, இந்தச் சோதனையில உங்க கையில கொடுக்கறேன். மூணாவது நீங்க சொல்றது சரி அண்ணி. கட்டுவான். நான் இதைப் பாக்காம இருந்தா மட்டும் கட்டமாட்டானா?”

“ஆழம் தெரியாம காலை விடாதேம்பாங்க.”

“ஆழம் பாக்கறதும் காலை விடறதும் ஒண்ணு இல்ல. நான் குச்சியை விட்டுப் பாக்கறேன்.”

“குச்சி போன வழியிலதான் பின்னாடி கால் வரும்” என்றாள் அண்ணி. “வரலாம் அண்ணி” என்று அவள் ஒத்துக்கொண்டாள்.

ஒரு மணி நேரம் வாக்குவாதம் நடந்தது. முடிவில் சங்கம் இரண்டு நிபந்தனை வைத்தது. அன்றன்றைய அளவுகள், நல்லதோ கெட்டதோ, அன்று மாலையே துறைமுகச் சுவரில் ஒட்டப்பட வேண்டும். படகில் தண்ணீரை நிறுத்தும் வால்வுக்குப் பக்கத்தில் சங்கத்து ஆள் ஒருவர் எப்போதும் நிற்பார். அவர் மூடினால் மூடியதுதான், காரணம் கேட்கக்கூடாது. கை தூக்கச் சொன்னார்கள். வேண்டும் என்று அறுபத்தொன்று, வேண்டாம் என்று ஐம்பத்திரண்டு. மற்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

“வால்வுக்கு யாரை அனுப்பலாம்?” என்றார் சுருட்டை.

“வேணாம்னு கை தூக்கினவங்கள்ல ஒருத்தரை அனுப்புங்க” என்றாள் அவள்.

எல்லோரும் அண்ணியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

மறுநாள் இயக்குநர் கொதித்துப் போயிருந்தார். “யாரைக் கேட்டு இந்த நிபந்தனையில கையெழுத்துப் போட்டீங்க?”

“யார் தலைக்கு மேல தெளிக்கறோமோ அவங்களைக் கேட்டு.”

“நிறுவனத்துக்கு நான் என்ன சொல்லுவேன்?”

“இதையே சொல்லுங்க சார். வேணாம்னா அவங்க விலகிக்கட்டும்.”

நிறுவனம் விலகவில்லை. அடுத்த ஆறு வாரத்துக்கு ஒரு வருடம் காத்திருக்க அதற்கு மனமில்லை.

மிதவைப்படகு தினமும் காலை ஏழு மணிக்குக் கிளம்பியது. எஞ்சின் ஓட்ட ஒருவர், கருவிகளுக்கு இரண்டு பேர், அவள், அண்ணி. அண்ணி மஞ்சள் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு, கையில் வாக்கிடாக்கியோடு வால்வின் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் முக்காலி போட்டு உட்கார்ந்தாள். கரையில் அவள் வேலையை வேறொருத்தி பார்த்தாலும், படகுக்காரர்கள் இவளிடமும் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். போகிற வழியில் பார்க்கிறவர்கள் எல்லாம் பொறியாளரை “உப்பு டாக்டர், மேகத்துக்கு ஊசி போட்டாச்சா?” என்று கேலி செய்தார்கள். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

முதல் ஏழு நாள் எல்லாம் அவள் நினைத்தபடியே நடந்தது. குழாயிலிருந்து வெண்புகை போல எழுந்து, சாய்ந்து, மேகத்தின் அடியில் போய் மறைந்தது. மேலே சுற்றிய ட்ரோன் துளிகளை எண்ணியது. மேகத்தின் அந்த ஓரம் மற்ற இடத்தைவிட வெளுத்தது. கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, கருவி சொன்னது. ஏழாம் நாள் கோட்டுப்படத்தை அண்ணியிடம் காட்டினாள். அண்ணி வெகுநேரம் பார்த்தாள்.

“அழகா இருக்கு. அதனாலதான் பயமா இருக்கு” என்றாள்.

எட்டாம் நாள், தெளிக்க ஆரம்பித்துப் பத்து நிமிடம் ஆகியிருக்கும். வாக்கிடாக்கியில் ஒரு படகு கூப்பிட்டது. “இங்க தூறுதுங்க.”

“எங்க இருக்கீங்க?” என்றாள் அண்ணி. காற்று போகும் திசையில் மூன்று மைல் தள்ளி இருந்தது அந்தப் படகு. பக்கத்தில் இருந்த இன்னும் இரண்டு படகுகளை அவளே அழைத்துக் கேட்டாள். இரண்டிலும் தூறல். அண்ணி எழுந்து வால்வை மூடிவிட்டாள்.

“இன்னும் ஆறு நிமிஷம் ஓடியிருந்தாத்தான் கணக்குல வரும் அண்ணி. ஒரு நாளே வீணாப்போச்சு” என்று அவள் கத்தினாள். காரணம் கேட்கக்கூடாது என்பது அந்த நிமிடம் மறந்துபோயிற்று.

“இந்த மாசத்துல, இந்த நேரத்துல, பதினாலு வருஷத்துல ஒரு நாள்கூட இங்க தூறினதில்ல. உன் கணக்குல தூறல் இருக்கா?”

இருக்கவில்லை. அவள் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டாள். கோபம் தணிய நேரம் பிடித்தது. தணிந்ததும் கருவிகளைப் பார்த்தாள். மேகம் வெளுக்கவில்லை, மெலிந்திருந்தது. மெலிந்த இடத்தில் வெயில் முன்னைவிட அதிகமாகக் கடலில் இறங்கிக்கொண்டிருந்தது.

குழாயைக் கழற்றிப் பூதக்கண்ணாடியில் பார்த்தபோது புரிந்தது. துளைகளில் பாதி உப்பேறி அடைத்துக்கொண்டிருந்தது. அழுத்தம் தாங்காமல் மீதிப் பாதி அரித்து அகன்றிருந்தது. தூள் பெரிதாகிவிட்டது. பெரிய தூள் மேகத்துக்குள் பெரிய துளியாகி, கூட இருந்த துளிகளையும் இழுத்துக்கொண்டு கீழே விழுகிறது. வெள்ளையடிக்கப் போய்ச் சுவரையே இடித்த கதை.

புதுக் குழாய் ஒன்று பெட்டியில் தயாராக இருந்தது. அதை மாட்டியிருந்தால் மறுநாள் மீண்டும் அழகான கோடு கிடைத்திருக்கும். அவள் அண்ணியிடம் போனாள்.

“நாளைக்கும் இதே பழைய குழாயிலதான் ஓட்டணும்னு நினைக்கறேன். இது தற்செயலா, இல்ல எப்பவும் இப்படித்தான் கெடுமான்னு தெரியணும். கெடுதல் வரும்னு தெரிஞ்சே செய்யறது. நீங்க சரின்னாத்தான்.”

அண்ணி யோசித்தாள். “அஞ்சு நிமிஷம். படகுங்க எல்லாத்துக்கும் முன்னாடியே சொல்லிடுவேன்.”

அடுத்த மூன்று நாளும் ஐந்தைந்து நிமிடம் ஓட்டினார்கள். மூன்று நாளும் அந்த ஐந்து நிமிடத்துக்குள்ளேயே மேகம் மெலிந்தது. பன்னிரண்டாம் நாள் காற்று மாறிவிட்டது. ஆறு வாரம் நிற்க வேண்டிய மேகம் அந்த வருடம் அத்தோடு முடிந்தது. சுவரில் பதினொரு தாள் இருந்தது. ஏழில் மேகம் வெளுத்தது, நான்கில் கலைந்தது.

அறிக்கை எழுதும் நேரத்தில்தான் மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி விழுந்தது.

முதலில் வந்தவர் நிறுவனத்துக்காரர். இயக்குநரின் அறையில் உட்கார்ந்து மிகவும் மரியாதையாகப் பேசினார். “கடைசி நாலு நாளும் இயந்திரக் கோளாறு. மேகத்துக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. கோளாறான நாளை விட்டுட்டு எழுதறது எல்லாரும் செய்யறதுதானே?”

“கோளாறுதான் முடிவு. ஆறு வருஷம் பாத்துப் பாத்துச் செஞ்ச குழாய் எட்டாம் நாள் கெட்டுப்போச்சு. நீங்க ஆயிரம் கப்பல் விட்டா ஆயிரத்துலயும் கெடும். அன்னைக்குக் கடலைக் குளிர்விக்கறேன்னு சொல்லிக்கிட்டே சூடாக்கிட்டு இருப்பீங்க.”

“அதெல்லாம் போகப் போகச் சரி பண்ணிடலாம்.”

“சரி பண்ணிட்டு வாங்க. அப்புறம் போகலாம்.”

“துறைமுகச் சுவரை எவன் வந்து படிக்கப்போறான் மேடம்? அறிக்கையைத்தான் படிப்பாங்க.”

“அதனாலதான் அறிக்கையிலயும் இருக்கும்.”

இரண்டாவது இடி, எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. கல்லூரியில் அவளுக்குப் பாடம் எடுத்த பேராசிரியை. புகைபோக்கிகளை மூடவேண்டும் என்று முப்பது வருடமாகத் தெருவில் நிற்பவர். தொலைபேசியில் கூப்பிட்டார்.

“அந்த ஏழு நாளை வெளியில விடாதேம்மா. நடக்கும்னு ஒரு வரி இருந்தாப் போதும், அதைப் பிடிச்சுக்கிட்டு எண்ணெய்க் கம்பெனிக்காரன் இன்னும் அம்பது வருஷம் ஓட்டுவான். நாலு நாளை மட்டும் போடு. நல்லதுக்குத்தானே?”

நிறுவனத்துக்காரரிடம் பேசியது போல இவரிடம் பேச அவளுக்கு மனம் வரவில்லை. ஆனாலும் பேசினாள். “டீச்சர், முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்காதீங்கன்னு நிறுவனத்துக்காரர்கிட்ட சண்டை போட்டுட்டு வந்திருக்கேன். உங்களுக்காக அரைப் பூசணிக்காயை மறைக்க முடியுமா? நீங்க புகைக்கு எதிராத் தெருவுல நிக்கும்போது கூட வந்து நிக்கறேன். ஆனா பதினொண்ணும் வரும்.”

“பின்னாடி வருத்தப்படுவே.”

“படலாம் டீச்சர். தெரிஞ்சுக்கிட்டு வருத்தப்படறேன்.”

இயக்குநர் கையெழுத்துப் போடாமல் அறிக்கையை இரண்டு வாரம் வைத்திருந்தார். மூன்றாவது வாரம் அவளே பதினொரு நாள் அளவுகளையும் யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கும்படி இணையத்தில் ஏற்றினாள். ஏற்றுவதற்கு முன் இயக்குநருக்கு ஒரு கடிதம் அனுப்பினாள். ‘இன்று மாலை நான்கு மணிக்கு வெளியிடுகிறேன். திருட்டுத்தனமாகச் செய்வதாக இருந்தால் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டேன்.’

விசாரணை வைத்தார்கள். நீளமான மேசைக்கு அந்தப் பக்கம் ஐந்து பேர். “நிலையத்தோட பேரைக் கெடுத்துட்டோமேன்னு உங்களுக்கு வருத்தம் இல்லையா?” என்று ஒருவர் கேட்டார்.

“நிலையத்தோட பேரை நம்பி நாளைக்கு ஒரு ஊரே தலையாட்டும். அந்தப் பேர் பொய்க்குப் போயிருந்தா வருத்தப்பட்டிருப்பேன்.”

அவள் பணிக்காலம் நீட்டிக்கப்படவில்லை. குழாயின் உரிமை நிலையத்துக்கே உரியது, அதை வெளியே செய்யக்கூடாது என்று ஒரு கடிதமும் வந்தது. ஒரு தொழிற்பயிற்சிக் கல்லூரியில் பம்பு பழுதுபார்க்கக் கற்றுக்கொடுக்கும் வேலைக்குப் போனாள்.

எட்டு மாதம் கழித்து, வேறொரு கடற்கரையிலிருந்து இரண்டு பேர் அவளைத் தேடிக்கொண்டு வந்தார்கள். சுருட்டைதான் அனுப்பியிருந்தார். அதே நிறுவனம் அவர்கள் கரைக்கு இருபது கப்பலோடு வரப்போகிறதாம். வழவழப்பான ஒரு புத்தகம் கொடுத்திருக்கிறார்கள். அதில் ‘கடலில் சோதித்துப் பார்த்தது’ என்று போட்டு, ஏழு நாள் கோடு மட்டும் இருந்தது.

அவள் பதினொன்றையும் விரித்துக் காட்டினாள். நல்ல ஏழையும் விடாமல் விளக்கினாள். “இதை அப்படியே எங்க ஆளுங்ககிட்ட வந்து சொல்லுவீங்களா?” என்றார்கள்.

வயர்லெஸ் அறையில் லீவு போட்டுவிட்டு அண்ணியும் கிளம்பினாள். ஏழு மணி நேரப் பேருந்துப் பயணம். அந்தக் கரையின் கூட்டத்தில் நிறுவனத்துக்காரர் மேடையில் இருந்தார். இவளைப் பார்த்ததும் தண்ணீர் குடித்தார். அவள் ஒரே கேள்விதான் கேட்டாள். “குழாயை எத்தனை நாளைக்கு ஒருதரம் மாத்துவீங்க, மாத்தலைன்னா யார் நிறுத்துவாங்க?” தொழில் ரகசியம் என்றார் அவர். அண்ணி எழுந்து, “தூறல் ரகசியம் இல்லீங்க. எங்க படகுங்க நனைஞ்சுது” என்றாள். அந்த ஊர் மக்கள் வேண்டாம் என்று சொல்லிவிடவில்லை. இங்கே வைத்த அதே இரண்டு நிபந்தனையை அங்கேயும் வைத்தார்கள். நிறுவனம் ஒத்துக்கொள்ளவில்லை. இருபது கப்பலும் வராமலே போயின.

கதை இதோடு முடிந்திருந்தால் அவளுக்கும் நிம்மதியாக இருந்திருக்கும். அந்தக் கோடையில் அந்தக் கரையில் அனல்காற்று அடித்தது. பதிமூன்று பேர் இறந்தார்கள். அதில் ஒருவருடைய மகள் அவளுக்குக் கடிதம் எழுதினாள். ‘நீங்கள் வந்து தடுக்காமல் இருந்திருந்தால் என் அப்பா இருந்திருக்கலாம். நீங்கள் சொன்னது சரியாக இருக்க வேண்டும் என்பதுதான் உங்களுக்கு முக்கியம்.’

அவள் அதை நாலைந்து முறை படித்தாள். இருபது கப்பல் ஓடியிருந்தாலும் வெயில் குறைந்திருக்காது, கூடியிருக்கவும் கூடும் என்று காட்ட அவளிடம் எண்கள் இருந்தன. எழுத உட்கார்ந்து, எண்களை எழுதவில்லை. ‘உங்கள் அப்பாவுக்கு ஆனது என் அண்ணனுக்கும் ஆயிற்று. நான் தடுக்கவில்லை அம்மா, கேட்டேன். நாளைக்கு வேறு யார் வந்தாலும் இதையே கேட்பேன். இதற்குப் பதில் தெரியும்வரை நானும் விடப்போவதில்லை’ என்று எழுதி அனுப்பினாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணி கல்லூரிப் பட்டறைக்கு வந்தபோது, அவள் ஒரு தகட்டைப் பிடிப்பானில் மாட்டித் துளையிட்டுக்கொண்டிருந்தாள். பழைய குழாய் மாதிரி இல்லை. உலோகத்துக்குப் பதில் வெள்ளையாக, பீங்கான் போல ஏதோ ஒன்று.

“செய்யக்கூடாதுன்னு கடிதம் போட்டிருக்காங்களே?” என்றாள் அண்ணி.

“அந்தக் குழாயைச் செய்யக்கூடாதுன்னு போட்டிருக்காங்க. இது வேற.”

“இதுலயும் உப்பு அடைக்குமா?”

“தெரியாது அண்ணி. ரெண்டு வருஷம் ஆகும் சொல்றதுக்கு.”

“நான் இன்னும் வேணாம்கற கட்சிதான். அது தெரியுமில்ல?”

“தெரியும்.”

அண்ணி கைப்பையை ஆணியில் மாட்டிவிட்டு, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றாள். “வெளிச்சம் பத்தலை பாரு. அந்த விளக்கை இப்படித் திருப்பிப் பிடிக்கறேன். நீ போடு.”